டவர் வேண்டாம், டவர் வேண்டும்

கள்ளக்குறிச்சியில் பக்கத்து வீட்டு மாடியில் செல்போன் டவர் வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், தெருவுக்குத் தலைவனாக என்னை நானே நியமித்துக்கொண்டேன். நான் வரலாற்று ஆசிரியன். கதிர்வீச்சைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வாட்ஸ்அப்பில் வந்தவை. குருவிகள் காணாமல் போனது, தென்னையில் குரும்பை கொட்டுவது, என் தலையில் முடி உதிர்ந்தது எல்லாவற்றுக்கும் அந்த டவர்தான் காரணம் என்று கூட்டம் போட்டுப் பேசினேன். டவர் அப்போது இன்னும் வரவே இல்லை.

கதிர்வீச்சை அளந்து காட்ட டவர் கம்பெனியிலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். கையடக்க மீட்டரைத் தூக்கிப் பிடித்தபடி தெருவில் நடந்தார். இங்கே இப்போது இருப்பது அரசு வரம்பைவிட ரொம்பக் கம்மி, புது டவர் வந்தாலும் வரம்பைத் தாண்ட விடமாட்டோம் என்றார்.

"வரம்ப யாரு போட்டது? அவுங்க வூட்டு மாடியில டவர் இருக்குதா?" என்றேன். கைதட்டல். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் டவரைக் கைவிட்டார், என்னோடு பேசுவதையும்.

அடுத்த வருஷம் கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கு மாற்றலானேன். அந்த ஊரில் சிக்னல் கிடையாது. பேச வேண்டுமென்றால் ஊருக்கு மேலே பாறையில் ஏறி நிற்க வேண்டும். ஒருநாள் அப்படி நின்று மனைவியோடு பேசிக்கொண்டிருந்தபோது, ஒருவர் மூச்சிரைக்க ஏறி வந்து என் போனை வாங்கினார். அவர் மனைவிக்குப் பிரசவ வலி. ஆம்புலன்ஸ் வந்தது. மலைப்பாதையிலேயே குழந்தை பிறந்தது. நல்லவேளை, இருவரும் பிழைத்தார்கள்.

அடுத்த கிராம சபையில் பெண்கள் டவர் கேட்டார்கள். எழுந்து பேசுவது எனக்கு வியாதி. "டவர் உயிரைக் காக்கும்! கதிர்வீச்சு என்பதெல்லாம் வீண் பயம்!" என்று முழங்கினேன். யாரோ வீடியோ எடுத்திருக்கிறார்கள். அது நான் ஆரம்பித்த தெரு வாட்ஸ்அப் குழுவுக்கே வந்து சேர்ந்தது.

சனிக்கிழமை கள்ளக்குறிச்சிக்குத் திரும்பியபோது, பக்கத்து வீட்டுக்காரர் வெகுநாளுக்குப் பிறகு வாய் திறந்தார். "இன்னா சார், மலைக்காரங்க தலைய மட்டும் கதிரு ஒண்ணும் பண்ணாதா?"

இரண்டு இடத்திலும் நான் தெரிந்து பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கத்தோடு பொறியாளருக்குப் போன் செய்தேன்.

"குருவி சாரா?" என்றார். உண்மையிலேயே ஆபத்து இல்லையா என்று கேட்டேன்.

"வரம்புக்குள்ள இருந்தா கெடுதல்னு இதுவரைக்கும் உறுதியா யாரும் காட்டல சார். அதுக்காக ஆராய்ச்சிய நிறுத்திடல, பாத்துக்கினுதான் இருக்காங்க. டவர் வந்தப்புறம் அளந்து காட்டச் சொல்லிக் கேளுங்க. அன்னிக்கே இதத்தான் சொல்ல வந்தேன்."

மலையில் டவர் வந்துவிட்டது. நான் எதிர்ப்பைக் கைவிட்டதால் பக்கத்து வீட்டு மாடியிலும் இப்போது வேலை நடக்கிறது. முடிந்து அளக்க வரும்போது என்னையும் கூப்பிடச் சொன்னேன்.

"கூப்புடுறேன் சார்," என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "ஆனா நீங்க பேசக் கூடாது."

சரி என்று தலையாட்டினேன்.