நாலெழுத்துப் பெயர்

படூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் வேலையில் இருந்தபோது, கூட வேலை செய்தவர்கள் என்னை ஒரு போன் ஆப்பில், 'காயின்' என்கிற இணையக் காசு வாங்கி விற்கிற கிரிப்டோ குழு ஒன்றில் சேர்த்துவிட்டார்கள். அங்கே என் பெயருக்குப் பின்னால் பிறந்த வருஷம் ஒட்டியிருந்தது. வெறும் பெயரை வேறு யாரோ ஏற்கெனவே எடுத்திருந்தார்கள். நான் எதைக் கேட்டாலும் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். குட்டிப் பெயர் வைத்திருக்கிறவர் ஒரு 'ம்' போட்டால் போதும், குழுவே கும்பிடு போடும்.

குட்டிப் பெயர்கள் கொஞ்சம்தான் என்பதால், அந்த ஆப்பில் அவற்றை ஏலத்தில் விடுவார்கள். சேர்த்து வைத்திருந்த காயின்களையெல்லாம் கொடுத்து நாலெழுத்தில் ஒன்றை எடுத்தேன். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். எங்களை யாரும் மரியாதையாகக் கூப்பிட்டுக் கேட்டதில்லை. இங்கே ஒரே நாளில் 'தல' ஆகிவிட்டேன். அந்தப் பெயரை வைத்து ஆண் என்றே நினைத்தார்கள். நானும் திருத்தவில்லை. நன்றாகத்தான் இருந்தது.

ஒருநாள் காலையில் புதுசாக வந்த காயின் ஒன்றைப் பற்றி எல்லாரும் பேச, நானும் 'சூப்பர்' என்று போட்டுவைத்தேன். மதியம் தனியாக ஒரு செய்தி வந்தது.

"தல, திருப்போரூர்ல ஒரு மனை கீது. வித்துட்டு இதுல போட்டுரட்டா? நீ சொன்னா போட்டுர்றேன்."

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன். அந்தக் காயினைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாது.

"விக்காதீங்க. நான் சம்பளத்துக்கு வேலை பாக்கிற பொண்ணு. இந்தப் பேரு ஏலத்துல எடுத்தது, அவ்ளோதான்" என்று எழுதினேன். அதையே குழுவிலும் போட்டேன். சிலர் சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் என்னைக் குழுவை விட்டு வெளியே தள்ளிவிட்டார்கள். அவமானமாகவும் இருந்தது, பாரம் இறங்கியது போலவும் இருந்தது.

அடுத்த வாரம், மனையை விற்கட்டுமா என்று கேட்டவர் என்னைப் பார்க்கத் தன் மனைவியோடு கேளம்பாக்கம் வந்தார். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். டீக்கடையில் எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

"நான் சொல்லச் சொல்ல கேக்காத ஆளு, நீ சொன்னதும் கேட்டுகினாரு" என்றாள் அவள். என் வயதுதான் இருக்கும். "நீ இன்னா வேலை செய்ற?"

"கம்ப்யூட்டர் ப்ரோக்ராம்ல தப்பு எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கிறது."

"அத நான் கத்துக்க முடியுமா? பி.எஸ்சி. முடிச்சுட்டு வூட்லயே கீறேன்."

குழு போனாலும் அந்தப் பெயர் என்னிடம்தான் இருந்தது; அதை விற்று அவளுக்கு ஒரு பழைய லேப்டாப் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் படூருக்கு வருவாள். நான் சொல்லிக்கொடுத்ததைவிட அவள் கேட்ட கேள்விகள்தான் அதிகம். வேலை கேட்டுப் போன மூன்று இடத்தில் வேண்டாம் என்றார்கள். நாலாவது இடத்தில் எடுத்துக்கொண்டார்கள்.

வேலைக்குச் சேர்ந்த வாரமே போன் செய்தாள். "ஒரு தப்பு கண்டுபுடிச்சுட்டேன்பா. ஆறு மாசமா யாரும் பாக்கலையாம். மேனேஜர் வந்து, யாரு கண்டுபுடிச்சதுன்னு கேட்டாரு. நான்தான்னு சொன்னேன்."