புதுமேட்டு ஏலக்கூடமும் அஞ்சுகமும்

அஞ்சுகத்துக்கு வாய் நீளம் என்று எங்கள் புதுமேட்டில் எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த வாயிலிருந்து வந்த ஒரே ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு ஊர்ச் சொத்தையே தாரை வார்த்தார்களே, அவர்களை என்ன சொல்வது? நினைத்தாலே வயிறு எரிகிறது.

காரைக்காலுக்குத் தெற்கே, கடலை ஒட்டிய சின்ன நகராட்சி எங்களுடையது. கடற்கரையில் இருக்கும் ஏலக்கூடம் நகராட்சிச் சொத்து. விடிகாலையில் படகு வந்ததும் அங்கேதான் மீன் ஏலம். அஞ்சுகம் ஏலத்தில் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துப் போலகம் வரை தெருத்தெருவாக விற்பாள். புருஷன் மணிவேல் விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். மகள் காவ்யாவை நர்சிங் படிக்கவைப்பது இந்தக் கூடைதான். நிழலும் தண்ணீர்க் குழாயும் உள்ள அந்தக் கூடம் இல்லையென்றால் மீன் வெயிலில் கெட்டுவிடும், அப்புறம் யார் வாங்குவார்கள்?

கோடையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது, ஏலமும் கிடையாது. அப்போது அஞ்சுகம், அவளைப் போலவே கூடை தூக்கும் எங்களையும் சேர்த்துக்கொண்டு கூடத்தைக் கழுவிச் சுண்ணாம்பு அடிப்பாள். வருஷா வருஷம் நடப்பதுதான்.

இந்த வருஷம் சுண்ணாம்பு காயும் முன்னே நகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கூரையைச் சரிசெய்யப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, அஞ்சுகம் அவர்களுக்கு மோர் கொடுத்து உபசரித்தாள்.

“ரொம்ப சுத்தமா இருக்கேம்மா. இங்க யாரும் வர்றதில்லையா?”

“தடக்காலத்துல யாரு சார் வருவா? காக்கா குருவிகூட வராது” என்று சிரித்தாள்.

பாவி மகள், வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டாள். அந்த இரண்டு பேரும் தடைக்காலத்தை விட்டுவிட்டுக் காக்கையையும் குருவியையும் மட்டும் எழுதிக்கொண்டு போனார்கள்.

முன்பெல்லாம் நகராட்சிச் சொத்தை விற்கவோ குத்தகைக்கு விடவோ ஊரைக் கூட்டிக் கேட்க வேண்டும். அந்த விதியைச் சத்தமில்லாமல் மாற்றியிருந்தார்கள். பயன்படாத சொத்து என்று அதிகாரி எழுதிவிட்டால் போதுமாம், நகர்மன்றமே யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாமாம். எங்கள் கூடம் ஓர் ஐஸ் கம்பெனிக்கு முப்பது வருஷக் குத்தகைக்குப் போய்விட்டது. சேதி தெரிந்ததும், “நீதானடி யாரும் வரமாட்டாங்கன்னு சொன்ன?” என்று ஊரே அஞ்சுகத்தின் மேல் பாய்ந்தது. அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு நகராட்சிக்குப் போனாள்.

அங்கே அதிகாரி வைத்தியலிங்கம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “இப்ப விதி மாறிடுச்சும்மா. ஆபீஸ் பலகையில அறிவிப்பு ஒட்டுனோம். யாரும் ஆட்சேபிக்கல.”

“கடக்கரையில கெடக்கிறவ ஒங்க பலகையத்தான் பாத்துக்கிட்டு கெடப்பாளா? ஊருக்குள்ள வந்து ஒரு வார்த்த கேட்டா என்ன சார்?”

“கேக்கணும்னு இப்ப விதியில்ல.”

என்ன திமிர் பாருங்கள்! கேட்டால் ஊர் மாட்டேன் என்று சொல்லும், அதனால்தானே கேட்கும் விதியையே எடுத்தார்கள்?

தடைக்காலம் முடிந்து முதல் படகு வந்த அன்று கூடத்தில் புதுக் கதவும் பூட்டும். மீன் பெட்டிகளோடு படகுக்காரர்களும் கூடைகளோடு நாங்களும் வாசலில் நின்றோம். கம்பெனி மேலாளர் சிரித்த முகமாக வந்தார்.

“நீங்கதான் அஞ்சுகமா? எடத்த கண்ணாடியாட்டம் வச்சிருந்தீங்களாமே. கூட்டிப் பெருக்க ஆளு வேணும். மாசச் சம்பளம் தர்றோம், வர்றீங்களா?”

அவர் கேலி செய்யவில்லை. நல்லது செய்வதாகவே நினைத்தார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அஞ்சுகம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “நான் கூட்டுனது எங்க எடத்தங்க. ஒங்க எடத்த நீங்களே கூட்டிக்கிங்க.”

பிறகு நடுரோட்டுக்குப் போய்க் கூடையை இறக்கி உட்கார்ந்தாள். “ஏலத்த இங்கயே விடுங்கய்யா!” என்று கத்தினாள். நாங்களும் போய் அவளைச் சுற்றி உட்கார்ந்தோம். கீழவாஞ்சூர் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் பின்னால் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.