டிக்கியில் எழுதிய பெயர்

குத்தகைப் பத்திரத்தில் அகமது கபீருக்கு ஒரு வரிதான் மனப்பாடம்: 'வண்டியைப் பெற்றுக்கொண்ட நிலையிலேயே திரும்ப ஒப்படைக்க வேண்டியது.' ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வியாபாரம் செய்த சங்கரலிங்கம் அண்ணாச்சி, தன் கறுப்பு அம்பாசடரை மூன்று மூன்று வருடமாக இரண்டு தடவை கபீருக்குக் குத்தகைக்கு விட்டார். இரண்டு தடவையும் அந்த வரியை வாய்விட்டுப் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்கினார். இரண்டாவது குத்தகை தொண்ணூற்று நாலு ஆவணியோடு முடிந்தது. மூன்றாவது தடவை கேட்கக் கபீருக்குத் தெம்பு இல்லை. குற்றாலத்துக்கும் சபரிமலைக்கும் ஓட்டி ஓட்டி இடுப்பு போயிருந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் சீட்டிலிருந்து இறங்குவார். மச்சினன் சைக்கிள் கடையில் உட்கார்ந்துகொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டார்.

வண்டியைக் கொடுப்பதில் அவருக்கு வருத்தமே இல்லை. டிக்கியில் இருந்த பெயர்தான் அவரைத் தூங்கவிடாமல் செய்தது.

வண்டி கைக்கு வந்த புதிதில் நடந்த கூத்து அது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, கார் ஸ்டாண்டில் நிற்கிற எல்லா வண்டிக்கும் ஒரு பெயர் இருந்தது. சாமி பெயர், பிள்ளை பெயர், சம்சாரம் பெயர். கபீரின் வண்டி மட்டும் மொட்டையாக நின்றது. போர்டு எழுதுகிற சோலைச்சாமி ஒருநாள் ஓசிச் சவாரிக்குக் கைம்மாறாக, டிக்கியின் அகலம் முழுக்க, சிவப்பு எழுத்தில் மஞ்சள் நிழல் கொடுத்து 'அசீனா' என்று எழுதிக் கொடுத்தான். கபீரின் ஒரே மகள் பெயர். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அவ்வளவு பெரிதாகத் தன் மகள் பெயரைக் கபீர் அதற்கு முன் எங்கேயும் பார்த்ததில்லை. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றிலிருந்து ஸ்டாண்டில் யாரும் வண்டியை வண்டி என்று சொல்லவில்லை.

"அசீனா எங்கடா?"

"தேவதானம் போயிருக்கு. செத்த நேரத்துல வந்துரும்."

"அசீனாவுக்குப் பஞ்சராம், கூமாப்பட்டி ரோட்டுல நிக்குதாம்."

கேட்டவர்கள் சிரித்தார்கள், கபீரும் சிரித்தார். கல்யாண வீட்டுக்காரர்கள் தேடி வந்து, "எங்களுக்கு அசீனாதான் வேணும்" என்று அடம்பிடித்தபோது இன்னும் சிரித்தார். ஆனால் வண்டி ஆறு வருடமும் அதே வண்டியாக இருந்தது, பிள்ளை அப்படியே இருக்கவில்லை. பதினெட்டு வயதுப் பெண்ணின் பெயரைச் சொல்லி, "நேத்து ராத்திரி அசீனா சங்கரன்கோவில்ல தங்கிருச்சு" என்று நாலு ஆண்கள் டீ குடித்துக்கொண்டே பேசினால் அது வேறு பேச்சாகிவிடுகிறது. பேசுகிறவர்களுக்கு அது தெரியவில்லை. பழகிய வாய்.

"பொம்பளப் பிள்ள பேரு ஸ்டாண்டுல கெடந்து உருளுது, அதை அழிச்சுத் தொலைங்களேன்" என்று நூர்பானு புருஷனிடம் சொல்லிச் சொல்லி ஓய்ந்தாள்.

"வண்டியக் கொடுக்கிறப்ப எப்படியும் அழிக்கத்தான் வேணும். அப்பப் பாத்துக்கிடலாம்" என்பார் கபீர். அழித்தால் சவாரி குறையுமோ என்ற பயம் ஒரு பக்கம். மனம் வரவில்லை என்பது இன்னொரு பக்கம்.

இப்போது நாள் வந்துவிட்டது. புதன்கிழமை வண்டியை ஒப்படைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடையநல்லூரிலிருந்து அசீனாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். அவர்கள் பஸ்ஸில் வந்து இறங்கப் போவது அதே பஸ் ஸ்டாண்டில். அதற்குள் மகள் பெயர் ஊர் வாயிலிருந்து வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். கபீருக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை சோலைச்சாமி தின்னரும் பிளேடுமாக வந்து எழுத்தைச் சுரண்டினான். சிவப்பு போனது, மஞ்சள் போனது. துடைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால், அசீனா அப்படியே இருந்தாள். ஆறு வருட வெயிலில் டிக்கியின் கறுப்பு வெளிறிப் போயிருந்தது. எழுத்து மறைத்திருந்த இடம் மட்டும் புதுக் கறுப்பாக மின்னியது. முன்பு சிவப்பில் படித்ததை இனிக் கறுப்பில் படிக்கலாம், அவ்வளவுதான்.

"எழுத்து போயிருச்சு பாய், பேரு போகல" என்றான் சோலைச்சாமி.

வேறு வழியில்லாமல் வண்டியைப் பெயிண்ட் பட்டறையில் விட்டு டிக்கி மூடிக்கு முழுசாகக் கறுப்பு அடித்தார்கள். செவ்வாய் பூராவும் காய்ந்தது. கபீர் பட்டறை வாசலில் ஒரு பழைய டயர் மேல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாராவது வந்து "அசீனாவுக்கு என்ன பாய்?" என்று கேட்கும்போதெல்லாம், "வண்டிக்குப் பெயிண்டு" என்று பதில் சொன்னார். சாயங்காலத்துக்குள் பதினைந்து பேருக்குச் சொல்லியிருப்பார்.

புதன் காலை ராஜபாளையத்தில் சங்கரலிங்கம் அண்ணாச்சி பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். ஜாக்கி இருக்கிறதா, ஸ்டெப்னி இருக்கிறதா, ஹாரன் அடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். அடுத்த குத்தகைக்காரன் வேல்சாமி அவருக்குப் பின்னாலேயே வந்தான். கபீர் நிற்கிற அதே ஸ்டாண்டில் அடுத்தவர் வண்டிகளை ஓட்டிக்கொண்டிருந்தவன், முப்பது வயது, நல்ல பையன்தான். பின்பக்கம் வந்ததும் அண்ணாச்சி நின்றார்.

"என்ன பாய் இது? கிழட்டு மாட்டுக்குப் புது வாலு வச்ச மாதிரி இருக்கு."

"வாங்குன நெலயிலதான அண்ணாச்சி கேட்டீக. வாங்குறப்ப பேரு இல்ல. இப்பவும் இல்ல."

அண்ணாச்சி கையிலிருந்த பத்திரத்தைக் குனிந்து பார்த்தார். அவருடைய வரி அது. வேல்சாமிதான் பதறினான்.

"பேரை ஏம்ணே அழிச்சீக? கூமாப்பட்டி வரைக்கும் அசீனா காருன்னுதான கேக்குறாக. பரவால்ல, நான் மறுபடி எழுதிக்கிடுதேன்."

கபீர் அவனை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தார். கோபப்படக்கூட அலுப்பாக இருந்தது.

"ஒன் தங்கச்சி பேரு என்னலே?"

"பரிபூரணம்."

"அதை எழுது. எம்புட்டுப் பெருசா வேணும்னாலும் எழுது."

அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

"வேண்டாம்ணே" என்றான் வேல்சாமி கடைசியில், தலையைச் சொறிந்துகொண்டு. "எங்கம்மா பேரை எழுதிக்கிடுதேன். வெள்ளைத்தாய்னு."

சாவியைக் கொடுத்துவிட்டுப் பத்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு கபீர் பஸ்ஸுக்கு நடந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஒவ்வொரு வளைவுக்கும் வலது கால் தானாகப் பிரேக்கை அழுத்தியது. பாதி வழியில் வேல்சாமி பஸ்ஸை முந்திக்கொண்டு போனான். டிக்கி பளபளவென்று வெறுமையாக இருந்தது. கபீருக்கு நெஞ்சு லேசானது. முடிந்தது என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

பஸ் ஸ்டாண்டில் அவர் கம்பியைப் பிடித்து மெதுவாக இறங்குவதைப் பார்த்துவிட்டு, டீக்கடை சமுத்திரம் கடைக்குள் இருந்தபடியே குரல் கொடுத்தான்.

"பாய்! அசீனா வேல்சாமியோட போயிருச்சாமே!"

பக்கத்துப் பழக்கடைக்காரன் விடவில்லை. "ஆமா, இப்பத்தான் ரெண்டு பேரும் சுந்தரபாண்டியம் ரோட்டுல போறதப் பாத்தேன். என்னா வேகங்கிறீக!"

இரண்டு பேர் சொன்னதிலும் பொய் இல்லை. கள்ளமும் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருந்த கூட்டம்தான் மொத்தமாகத் திரும்பியது. வெளியூர்க்காரி ஒருத்தி இடுப்புப் பிள்ளையோடு நின்றவள், கன்னத்தில் கைவைத்துக்கொண்டு கபீரை மேலும் கீழும் பார்த்தாள். "பெத்தவரு போலருக்கு. எப்படி நொந்துபோயி நிக்காரு பாரு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

கபீர் டீக்கடைப் பக்கம் திரும்பினார்.

"அசீனா வீட்டுல இருக்கா!" என்று கத்தினார். அந்த ஸ்டாண்டில் ஆறு வருடத்தில் அவர் கத்தி யாரும் கேட்டதில்லை. "போனது காரு! காரு மட்டுந்தான்!"

"நாங்களும் அதத்தான பாய் சொல்லுதோம்" என்றான் சமுத்திரம், ஒன்றும் விளங்காமல்.

அதன் பிறகு அவர் நேராக வீட்டுக்குப் போகவில்லை. டீக்கடையில் ஏறி சமுத்திரத்திடம் நிதானமாகச் சொன்னார். இனிமேல் வெள்ளைத்தாய் என்று சொல்லு, இல்லை கறுப்பு வண்டி என்று சொல்லு, எம் பிள்ளை பேரைச் சொல்லாதே. பழக்கடையில் சொன்னார். பஞ்சர் கடை, வெற்றிலைக் கடை, சலூன், வரிசையாக நின்றிருந்த மற்ற டிரைவர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. எல்லோரும், "ஐயோ பாய், நாங்க அப்படி நெனைக்கலையே" என்று பதறினார்கள். பதறி முடித்த கையோடு ஒரு டிரைவர் இன்னொருவனிடம், "அசீனா வந்தா வத்திராயிருப்புக்கு ஒரு சவாரி இருக்குன்னு சொல்லு" என்றான். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலு நாள்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மணி நாலு. நூர்பானு அடுப்படியில் இருந்தாள். அசீனா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் கபீர் நடந்ததைச் சொன்னார். சமுத்திரம் சொன்ன வார்த்தையை மட்டும் விழுங்கிவிட்டார்.

"கடை கடையாச் சொல்லிட்டு வந்திருக்கேம்மா. ஞாயித்துக்கெழமை காலையிலயே நான் பஸ் ஸ்டாண்டுல போயி நின்னுக்கிடுதேன். வாரவுக யாருட்டயும் வழி கேக்காம நேரா கூட்டிட்டு வந்திருதேன். இனிமே நீ அந்தப் பக்கம் போனாலும் ஒரு பய ஒண்ணும் சொல்ல மாட்டான்."

அசீனா சொம்பை வாங்கிக்கொண்டாள். அவள் குரலில் கோபம் எதுவும் இல்லை.

"நான் பஸ் ஸ்டாண்டு வழியாப் போயி மூணு வருசமாச்சு அத்தா. கொளத்தச் சுத்தித்தான் போறேன், வாரேன்."

கபீர் நிமிர்ந்து பார்த்தார். மூன்று வருடமும் அவர் காலை ஆறு மணியிலிருந்து அந்த ஸ்டாண்டில்தான் நின்றார். தினமும் முதல் வேலையாக ஈரத்துணியால் டிக்கியைத் துடைத்து, அவள் பெயர் பளிச்சென்று தெரிகிறதா என்று தள்ளி நின்று பார்ப்பார். மகள் அந்த வழியாக வரவே இல்லை என்பது ஒருநாள்கூட அவருக்குத் தெரிந்ததில்லை.