என் கையால ஆகாது

பாய்லர் மேஸ்திரி தன் மனைவியின் தம்பிக்கு எண்பதாயிரம் கடன்பட்டிருந்தார். அதுவரை யாரிடமும் கைநீட்டாத மனிதர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டுச் சாயப்பட்டறையில் கரி அள்ளத் தொடங்கியவர். பாய்லர் விடும் மூச்சை வைத்தே அதன் கோபத்தைச் சொல்லிவிடும் அளவுக்கு வளர்ந்தார். சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பட்டறையில் அவருக்கு நிகர் அவரேதான்.

மாற்றச் சொல்லியும் முதலாளி மாற்றாத வால்வு ஒருநாள் பிய்த்துக்கொண்டது. நீராவி அவருடைய வலது கையை முழங்கை வரை வேகவைத்துவிட்டது. தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். அந்தச் செலவுக்குத்தான் மைத்துனன் தன் சரக்கு வண்டியை விற்றுப் பணம் கொடுத்தான்; பிறகு அடுத்தவன் வண்டிக்கு டிரைவராகப் போனான். மேஸ்திரிக்குப் புண் ஆறியது. ஆனால் புதுத்தோல் இழுத்துப் பிடித்ததில் விரல்கள் பாதி மடங்கியபடியே நின்றுவிட்டன.

நஷ்டஈடு வழக்கு விசாரணைக்கு வந்தது. கோர்ட் வராந்தாவில் வக்கீலம்மா சொல்லிக்கொடுத்தார்.

"கேட்டா, 'என் கையால ஆகாது'ன்னு சொல்லுங்கய்யா. அது போதும்."

மேஸ்திரிக்குச் சுருக்கென்றது. "நான் கையாலாகாதவன்னு என் வாயாலயே சொல்லணுமாம்மா?"

"வெந்தது கை மட்டுந்தான்," என்று முணுமுணுத்தான் மைத்துனன். "வாய் அப்படியே இருக்கு."

உள்ளே, முதலாளி பக்கத்து வக்கீல் தேனொழுகப் பேசினார். "நீங்க பெரிய கைகாரராமே, மேஸ்திரி? இப்பப் போய் நின்னாலும் பாய்லர் உங்க பேச்சைக் கேக்குமாமே?"

மேஸ்திரிக்கு உச்சி குளிர்ந்துபோனது. "கேக்காம எங்க போகும்? இந்தக் கையாலயே வால்வைத் திருகிக் காட்டுவேன்!"

வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார். முதலாளியின் வக்கீல் சிரித்தபடி உட்காரப் போனார். மேஸ்திரி பின்பெஞ்சைப் பார்த்தார். மைத்துனன் கோபப்படவில்லை, போன பணம் போனதுதான் என்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டான். பெருமை பேசியது தான், அதற்கு விலை கொடுக்கப்போவது அவன் என்பது அப்போதுதான் மேஸ்திரிக்கு உறைத்தது.

"ஐயா," என்று நீதிபதியைக் கூப்பிட்டார். "வீம்புக்குச் சொல்லிட்டேன். இந்தச் சட்டைக்குப் பித்தான் போட்டுவிட்டது என் சம்சாரம். டம்ளரைப் பிடிச்சா நழுவுது." வலது கையைத் தூக்கிக் காட்டினார். "என் கையால ஆகாது."

நீதிபதி விரல்களை விரிக்கச் சொன்னார். மேஸ்திரி பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றார். விரல்கள் நடுங்கின, நிமிரவில்லை. நீதிபதி குறித்துக்கொண்டார்.

தீர்ப்பு சாதகமாக வந்தது. முதலாளி பணம் கட்ட மேலும் சில மாதம் இழுத்தடித்தார். பாங்கில் பணத்தை எடுத்ததும் மேஸ்திரி நேரே மைத்துனன் வீட்டுக்குப் போனார். நோட்டுக்கட்டை மடங்கிய விரல்களுக்குள் செருகிக்கொண்டு, இடது கையால் ஒவ்வொரு நோட்டாக உருவினார்.

"கிளிப்பு மாதிரில்ல பிடிக்குது! ஜட்ஜு பாத்தா பணத்தைத் திருப்பிக் கேப்பாரு, மாமா."

"பேசாம எண்ணுடா மாப்ளே. வண்டி வாங்குற பணம்."

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு எண்ணினான். மேஸ்திரி அவசரப்படவில்லை. விரிந்திருந்த அவன் உள்ளங்கையில் கடைசி நோட்டையும் வைத்து, பெருவிரலால் அழுத்தினார்.