கும்பாபிஷேகப் பத்திரிகையும் பரிமளாவின் லேப்டாப்பும்

லேப்டாப் என்றால் மடியில் வைத்துக்கொண்டு அடிப்பது என்று நம்பித்தான் பரிமளா அதை வாங்கினாள். கொண்டுவந்த அன்றே மடியில் வைத்தாள். தொடை சுட்டது. பதறிப்போய் மேசைமேல் வைத்தாள். கரண்ட் போனாலும் ஓடும் என்று சொல்லித்தான் விற்றிருந்தார்கள். அன்று சாயங்காலம் அரியலூரில் கரண்ட் போனது, கூடவே லேப்டாப்பும் போனது. பாட்டரி செத்து ரொம்ப நாளாகிவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது.

ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்த ஓர் இன்ஜினியர், ஊர் மாறிப் போகும்போது தள்ளிவிட்டுப் போன லேப்டாப் அது. இரண்டாயிரத்து ஆறில் அதுவே கிழடு. மூடியின் ஒரு மூலை உடைந்திருக்கும். ஆன் செய்தால் மாவு மில் போலச் சத்தம் போடும். "சுண்ணாம்புக் கல்லு ஏத்துற என் லாரியே இவ்வளவு இரையாதே" என்று அவள் கணவன் சுரேஷ்குமார் கிண்டல் செய்தான்.

ஆனால் பரிமளா விளையாட்டுக்காக வாங்கவில்லை. பிளஸ் டூ முடித்ததோடு படிப்பு நின்றுபோனவள் அவள். அதற்குப் பிறகு கற்றது தமிழ் டைப்ரைட்டிங் ஒன்றுதான். பதினைந்து வருஷமாக அரியலூர் கோர்ட்டுக்கு எதிரே மெஷினை வைத்துக்கொண்டு மனு அடித்துக் கொடுத்தாள். பத்திரிகை, நோட்டீஸ் என்று பெரிய வேலைகளெல்லாம் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. அவளுக்கும் அந்த மாதிரி ஒரு வேலையைத் தன் பொறுப்பில் முடித்துக் காட்டவேண்டும் என்று இருந்தது.

நல்லவேளையாக, டைப்ரைட்டரில் எந்த இடத்தில் எந்த எழுத்து இருந்ததோ அதே இடத்தில் இருக்கும்படியான தமிழ் எழுத்துரு ஒன்றை, பான்ட் என்பார்களே அதை, அந்த இன்ஜினியரே லேப்டாப்பில் போட்டு வைத்திருந்தார். அப்படியும் முதல் வாரம் பரிமளா மிரண்டுதான் போனாள். மெஷினில் புள்ளியை முதலில் தட்டவேண்டும். தாள் நகராமல் நிற்கும், அதன்மேல் எழுத்தைத் தட்டினால் புள்ளி உச்சியில் போய் உட்காரும். லேப்டாப்பிலோ எழுத்துக்குப் பிறகுதான் புள்ளி. இது தெரியாமல் அவள் 'மகன்' என்று அடித்தால் 'மக்ன' என்று வந்தது. ஒரு பக்கம் முழுக்க எல்லார் மகனும் மக்னவாகிக் கிடந்ததைப் பார்த்து, லேப்டாப்புக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்றே நினைத்தாள். விரலைத் திருத்திக்கொள்ள ஒரு மாதம் ஆனது.

அப்போதுதான் அந்தக் கும்பாபிஷேக வேலை வந்தது.

கீழப்பழுவூருக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். வடக்குத்தெரு, தெற்குத்தெரு என்று இரண்டே தெரு. கோயில் புதுப்பித்து முடிந்துவிட்டது, ஆனால் பத்திரிகையில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று முடிவாகவில்லை. எங்கள் பக்கத்தில் பத்திரிகையில் பெயர் இறங்கினால் மானம் இறங்கியதாகத்தான் அர்த்தம். பரிமளா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய், கோயில் மண்டபத்தில் வயர் இழுத்து உட்கார்ந்தாள். அவர்கள் சண்டை போடப் போட, அவள் பெயர்களை மேலும் கீழும் மாற்றி வைத்தாள்.

"அடிக்காம, கிழிக்காம பேரு தானா மேல ஏறுது பாருடா!" என்று ஊரே வாயைப் பிளந்தது. அந்த வேடிக்கையிலேயே பாதிச் சண்டை அடங்கியது.

கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். குளத்துக்கு நிலம் விட்ட வடக்குத்தெரு நல்லதம்பி முதலில். புருஷன் இல்லாமல் தனியாளாக நின்று கோயில் மணி வாங்கிக் கொடுத்த புஷ்பவல்லி இரண்டாவது. அதற்குத்தான் பெரிய ரகளை. தெற்குத்தெருப் பெரியவர் கொளஞ்சியப்பன் மூன்றாவது. அப்புறம் வரிசையாக ஐம்பது அறுபது பெயர்கள். முடிந்ததும், இனி பழைய தாளைக் காட்டி எவனும் வம்புக்கு வரக் கூடாது என்று, கையால் எழுதிய தாள்களையெல்லாம் கிழித்துக் குளத்தில் போட்டுவிட்டார்கள். ஆக, ஊரார் ஒத்துக்கொண்ட வரிசை இருந்த ஒரே இடம் பரிமளாவின் லேப்டாப்தான். அது தொலைந்தால் மறுபடி இரண்டு தெருவையும் ஒரே பாயில் உட்கார வைக்க சாமியே வந்தாலும் முடியாது.

பரிமளாவுக்கோ அதில் ஒரு வரிசையும் மனசில் இல்லை. அது டைப் அடிப்பவர்களின் குணம். கண் பார்க்கும், விரல் அடிக்கும், மண்டைக்குள் ஒன்றும் தங்காது.

பிரஸ்ஸுக்குக் கொடுக்கப் பக்கம் அமைக்கும்போது லேப்டாப் திணறியது. ஒரு பெயரைத் தள்ளினால் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். மெமரி பத்தவில்லை என்றார்கள். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் வைத்திருந்த மணிவண்ணனிடம் கொண்டுபோனாள்.

அவன் லேப்டாப்பைக் குப்புறக் கவிழ்த்து, திருகாணியைக் கழற்றி, அடிவயிற்றைத் திறந்தான். பரிமளா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் எடுத்துக் காட்டிய மெமரி விரல் நீளம்கூட இல்லை.

"இவ்வளவுதானா தம்பி? இதுக்கா இந்தப் பாடு?"

"இதைப் பெருசு பண்ணிட்டு, புது விண்டோஸ் போட்டாப் பறக்கும்க்கா. பார்மட் பண்ணிடவா? பழசெல்லாம் போயிடும்."

பரிமளாவின் தொழிலில் பார்மட் என்றால் மனுவின் அமைப்பு. பெறுநர் எங்கே, பொருள் எங்கே, ஓரத்தில் எவ்வளவு இடம் விடவேண்டும் என்பது. கோர்ட் வாசலில் தினமும் காதில் விழும் சொல்.

"பழைய பார்மட் போகட்டும் தம்பி. புதுசா, லட்சணமா பண்ணிடு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

மறுநாள் லேப்டாப்பை வாங்கப் போகும்போது கொளஞ்சியப்பனும் கூட வந்தார். பத்திரிகையைக் கையோடு பிரஸ்ஸில் கொடுத்துவிடலாம் என்று ஊரில் அவரை அனுப்பியிருந்தார்கள். அகலமான வெள்ளைத் துண்டு போட்டிருந்தார்.

லேப்டாப்பைத் திறந்ததும் பச்சைப் புல்வெளியும் நீல வானமும் வந்தன. பரிமளா வைத்திருந்த எதுவும் அங்கே இல்லை.

"என் வேலையெல்லாம் எங்க தம்பி?"

"பார்மட் பண்ணச் சொன்னீங்களேக்கா. பார்மட்னா துடைக்கிறது."

பரிமளா மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நான் மார்ஜினைச் சொன்னேன்டா" என்றாள்.

மணிவண்ணனும் வெலவெலத்துப்போனான். "அக்கா, இருங்க, அழாதீங்க. உள்ள ரெண்டு அறை மாதிரி இருக்கும். ஒரு அறையைத்தான் கழுவினேன். இன்னொண்ணைத் தொடல." அந்த அறையில் தேடினான். கோயில் என்று பெயர் வைத்த கோப்பு இருந்தது. பரிமளா ஓடிவந்தாள். திறந்தான்.

ஒரு தமிழ் எழுத்து இல்லை. பக்கம் பக்கமாக இங்கிலீஷ் எழுத்துகள், நடுநடுவே அரைப்புள்ளிகள், அடைப்புக்குறிகள். கோழி கிளறிய குப்பைமேடு மாதிரி இருந்தது.

"கெட்டுப்போச்சு போலக்கா. எனக்கு மெஷின்தான் தெரியும், தமிழ் அடிக்கிற வேலையெல்லாம் நான் தொட்டதில்ல" என்றான் மணிவண்ணன்.

கொளஞ்சியப்பன் இப்போது தொண்டையைச் செருமினார்.

"போனது போவட்டும் தாயி. ஊருக்குத் தெரிஞ்சா வெட்டுக்குத்து ஆயிடும். வரிசை எனக்கு மனப்பாடம். நான் சொல்றேன், நீ அடி."

பரிமளா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். வெறும் பக்கம் ஒன்றைத் திறந்து, விரல்களை வைத்தாள்.

"முதல்ல, பச்சமுத்து மகன் கொளஞ்சியப்பன்" என்றார் அவர், கண்ணை மூடிக்கொண்டு.

அடித்தாள். அவள் எப்போதும்போலத் திரையைப் பார்க்கவில்லை.

"அடுத்து, முத்துசாமி மகன் சாமிதுரை. அப்புறம் நல்லதம்பியைப் போடு."

"புஷ்பவல்லியம்மா ரெண்டாவதுன்னு பேச்சு வந்துச்சே?"

"வந்துச்சு. அப்புறம் வேணாம்னு ஆயிப்போச்சு. உனக்கு ஞாபகம் இருக்கா?"

இல்லை. அவளுக்குச் சத்தம்தான் ஞாபகம் இருந்தது, முடிவு ஞாபகம் இல்லை. தவித்துப்போய் நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். அவள் அடித்ததும் தமிழில் வரவில்லை. அதே கோழிக் கிளறல்தான். முதல் இரண்டு வரியிலும் ஓர் இடத்தில் கே, எப், டி, ஓர் அரைப்புள்ளி.

விரலைப் பார்த்தாள். கே இருக்கும் இடம் 'ம'. எப் இருக்கும் இடம் 'க'. டி 'ன'. அரைப்புள்ளி இருக்கும் இடம், எழுத்தின் தலையில் வைக்கிற புள்ளி. மகன்!

பழைய கோப்பைத் திறந்தாள். வரிக்கு வரி கே, எப், டி, அரைப்புள்ளி. வரிக்கு வரி மகன், மகன், மகன்.

"தம்பி, கெடலடா! எல்லாம் இருக்கு. மேல் சட்டைதான் போயிருக்கு!"

திரையில் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து, அதே எழுத்தின் மேல் விரலை வைத்து, விரல் சொன்னதை வாயால் சொன்னாள். எழுத்துக் கூட்டும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போலத்தான் வந்தது. "ந... ல்... ல... தம்பி. நல்லதம்பி! அடுத்தது... பு... ஷ்... ப..." நிறுத்தினாள். மெதுவாகக் கொளஞ்சியப்பன் பக்கம் திரும்பினாள்.

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மூணாவதுதாங்க உங்க பேரு" என்றாள்.

"வயசாயிடுச்சு தாயி. மாறிப்போச்சு" என்றார். பரிமளாவுக்கு வேலையெல்லாம் போய்விட்டது என்று கேட்டபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை. ஊரே நம்பி அனுப்பிய மனுஷன்.

"அப்படின்னா கழுவின அறையில இருந்த தமிழ் பான்ட் மட்டும்தான்க்கா போயிருக்கு! கீழ பத்திரிகை டைப் பண்ற டி.டி.பி. கடையில அதோட சி.டி. இருக்கும்" என்று மணிவண்ணன் படியில் தடதடவென்று இறங்கினான். வாங்கிவந்து, தமிழ் எழுத்துருவை ஏற்றினான். கோப்பு முழுவதும் ஒரு நொடியில் தமிழாக மாறியது. பரிமளா வாய்விட்டு அழுதாள்.

அடுத்து, அவள் புதிதாக அடித்த பக்கத்தையும் அவன் மாற்றிவைத்தான். கொளஞ்சியப்பன் பெயர் முதல் வரியில், தெள்ளத் தெளிவான தமிழில் வந்து நின்றது. பெரியவர் ஓரடி பின்னால் போனார்.

"ஐயோ, இதையும் வச்சிருக்கா அது? எடுத்துடு தாயி. நல்லதம்பி கண்ணுல பட்டா நான் ஊருக்குள்ள நடமாட முடியாது."

"எடுத்துடறேங்க. புஷ்பவல்லியம்மா பேரு?"

"ரெண்டாவதுதான்."

"நாளைக்கு யாராவது கேட்டா?"

"நானே சொல்றேன். ரெண்டாவதுன்னு நானே சொல்றேன், போதுமா?"

பரிமளா அழிக்கிற பொத்தானை அழுத்திப் பிடித்தாள். கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னால் போய்க்கொண்டே வந்தது. நல்லதம்பி போனது, சாமிதுரை போனது. கொளஞ்சியப்பன் கண் கொட்டாமல், தன் பெயரின் கடைசிப் புள்ளியில் தொடங்கி முதல் எழுத்து மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.