கடைசிக்கு முந்தின பக்கம்

மூன்று விரல்களால் பசையை அள்ளி, விசிறிபோல் பரப்பி வைத்த காகித ஓரங்களின் மேல் ஒரே இழுப்பு. அத்தனை தாள்களுக்கும் ஒரே தடவையில் பசை ஏறிவிடும். பிறகு இரண்டு பக்கமும் மடித்து, அடியைத் திருப்பி, உள்ளங்கையால் ஓர் அழுத்து. பை தயார். கன்னியம்மாவின் வலது கைச் சுண்டுவிரல் மட்டும் இந்த வேலையில் சேராது. அது வெளிப்பக்கம் கோணிக்கொண்டு தனியாக நிற்கும். முறிந்த அன்றே பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டி, மூன்று வாரம் அசைக்காமல் வைத்திருந்தால் நேராகியிருக்கும். யாரும் அப்படிக் கட்டவில்லை. எண்ணெய் போட்டு உருவி, ஒரு துணியைச் சுற்றிவிட்டார்கள்.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓட்டு வீடு. வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது இடது முழங்கால் சத்தம் போடும். பசை மைதாவில் காய்ச்சியது. மயில்துத்தம் போட்டால் பூச்சி அண்டாது, பல நாள் கெடாது. ஆனால் துத்தம் விஷம், பருப்பு கட்டுகிற பைக்கு ஆகாது என்பதால் தினமும் புதிதாகக் காய்ச்சுவாள். இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மற்றப் பெண்கள் ஒரு கட்டுப் பேப்பரை மதியத்துக்குள் ஒட்டி முடித்துவிடுவார்கள். இவளுக்கு விளக்கு வைக்கிற நேரம் ஆகும். காரணம், மடிப்பதற்கு முன் ஒவ்வொரு பேப்பரையும் பிரித்து, கடைசிக்கு முந்தின பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படிப்பாள். விளையாட்டுச் செய்தி அங்கேதான் வரும். கிரிக்கெட், ஹாக்கி, கிண்டிக் குதிரைகள், ஓரத்தில் பொடி எழுத்தில் ஜில்லா லீக் முடிவுகள். கோணல் விரல் வரிக்கு வரி இறங்கும். அடிவரைக்கும் வந்துவிட்டு, "இதுலயும் இல்ல" என்பாள். அப்புறம்தான் அந்தத் தாள் அடுக்குக்குப் போகும்.

நடுவில் வருகிற பெண்கள் பகுதித் தாளை மட்டும் பார்க்கமாட்டாள். அது அளவில் சின்னது. கால் கிலோப் பைக்குச் சரியாக இருக்கும் என்று முதலிலேயே உருவித் தனியாக வைத்துவிடுவாள்.

பேப்பர் கொடுப்பவர் பஜார் மளிகைக்கடை பக்கீர் முகம்மது. பழவேற்காட்டுக்காரர். பட்டணத்துப் பழைய பேப்பர் கடையிலிருந்து மூட்டையாக எடுத்து வருவார். மூட்டைக்குள் வரிசை கிடையாது. போன வருஷத்துத் தீபாவளி விளம்பரத்துக்கு அடியில் இந்த வருஷத்துக் கத்தரி வெயில் இருக்கும். எந்தத் தேதியும் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

"பரீட்சைக்கா படிக்கிற? ஒட்டத்தானே குடுத்தேன்" என்று பாய் சலித்துக்கொள்வார்.

"பாக்காம மடிச்சா பேஜாரா கீது பாய்" என்பாள்.

அவள் தேடுவது தன் பெயரை.

எழுபதுகளின் நடுவில், பெண்கள் பந்து உதைக்கிறார்கள் என்றாலே சிரித்த காலத்தில், இந்தியாவின் பெண்கள் கால்பந்து அணி ஒன்று கடல் தாண்டிப் போய் ஆடிவிட்டு வந்தது. அதில் கோல் காத்தவள், ஊர் வாயில் 'கோலி', இந்தக் கன்னியம்மா. அது நடந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அப்பன் முனுசாமி செங்கல் சூளையில் லாரிக்குச் சுமை ஏற்றினவர். கீழேயிருந்து ஒருவர் கல்லை வீச, மேலேயிருந்து ஒருவர் பிடித்து அடுக்க வேண்டும். எட்டாம் வகுப்போடு நின்றவள் அப்பனுக்கு எதிரே லாரி மேல் நின்று பிடித்துக்கொண்டிருந்தாள். சைக்கிளில் போன விளையாட்டு ஆசிரியர் யேசுதாஸ் காலை ஊன்றி நின்று பார்த்தார். பந்து பிடிக்க வருகிறாயா என்று கேட்டார். "செங்கல்லு கைய கிழிக்கும் சார். பந்து இன்னா பண்ணும்?" என்று இறங்கி வந்தாள்.

பந்து சுண்டுவிரலை முறித்தது. அந்த வெளிநாட்டில், ஒரு பெனால்டியைத் தடுத்தபோது. அந்த ஆட்டத்தில் இவர்கள் ஜெயித்தார்கள். அடுத்த ஆட்டத்தில் தோற்றுத் திரும்பினார்கள். விமான நிலையத்தில் ஜெர்சியைக் கழற்றித் துவைத்து அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினாள். சான்றிதழ் தபாலில் வரும் என்றார்கள். அது வரவில்லை. கேட்கப்போனால் கால்பந்துச் சங்கம் இரண்டாகப் பிளந்திருந்தது. ஒரு பாதி மற்றப் பாதியைக் கேட்கச் சொன்னது.

ஊரில் அவள் போனதையே பாதிப் பேர் நம்பவில்லை. ரேஷன் கடை வரிசையில் முன்னால் நின்றால், "இந்தியாவுக்கே கோலி. கெரசினுக்கு மட்டும் பின்னால போய் நில்லு" என்று ஒருத்தி சொல்வாள். வரிசையே சிரிக்கும். கன்னியம்மாவும் சிரித்துவிட்டுப் பின்னால் போய் நிற்பாள். திட்டினால் விளையாட்டு என்று எடுத்துக்கொள்ளத் தெரிந்த பெண். மற்றவர்கள் சிரித்தால்தான் அவளுக்குச் சோறு இறங்காது.

இவ்வளவும் பழங்கதையாகப் போயிருக்கும், புதிதாக வந்த டின் கம்பெனி விளையாட்டுக்காரர்களுக்கு வேலை கொடுப்பதாகச் சொல்லாதிருந்தால். முனுசாமிக்கு இடுப்பு விழுந்து ஒரு வருஷம் ஆகிறது. பாயில் கிடப்பவரைப் புரட்டிப் படுக்கவைப்பதும் துடைப்பதும் அவள்தான். முதுகில் புண் வராமல் வைத்திருக்கிறாள், அது லேசான காரியமில்லை. ஆனால் மாத்திரைக்கும் அரிசிக்கும் பை ஒட்டிக் கட்டுப்படியாகாது. யேசுதாஸ் அவளைக் கம்பெனிக்குக் கூட்டிப்போனார்.

ஆளெடுக்கிற அதிகாரி நல்லபடியாகத்தான் பேசினார். நாற்காலி போட்டார். நாட்டுக்காக ஆடியதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். கன்னியம்மா வேறு எதுவும் தோன்றாமல் கையை மேஜைமேல் நீட்டிச் சுண்டுவிரலைக் காட்டினாள்.

"விரல ஃபைல்ல வெக்க முடியாதும்மா" என்றார் அதிகாரி. "பேப்பர்ல வந்திருக்குமே, அந்தக் கட்டிங் கொண்டா. வர்ற வெள்ளிக்கிழமை காலைக்குள்ள. அதுக்குமேல லிஸ்ட் மெட்ராஸுக்குப் போயிடும்."

மறுநாளே இருவரும் பட்டணம் போனார்கள். ஒரு பேப்பர் ஆபீசில் பெண்கள் அணி ஆடிய வாரத்து விளையாட்டுப் பக்கங்களை எடுத்துப் போட்டார்கள். பெண்கள் ஜெயித்ததற்கு மறுநாள் பக்கத்தில் ஆண்கள் லீக் ஆட்டமொன்று மழையால் நின்றதைப் பற்றி முக்கால் பத்தி இருந்தது. ஆடாத ஆட்டம். விளையாட்டுப் பகுதிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொம்பளைங்க டீம் ஒண்ணு போச்சா? எங்களுக்கு யாரும் சொல்லலையே" என்றார். பொய் சொல்கிற முகம் இல்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியாது. வேறு பேப்பரில் வந்திருக்கும் என்று சொல்லி வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

அந்த வேறு பேப்பரைத்தான் கன்னியம்மா அந்த வாரம் முழுக்கச் சாக்கின்மேல் தேடினாள். பாய் அவளுக்காக இரண்டு மூட்டை சேர்த்து இறக்கினார். கழுத்து பிடித்துக்கொண்டது. கண் சிவந்தது. "எங்கியாவது ஒரு மூலையில போட்டிருப்பாங்க நைனா. அவ்ளோ பேரு போனமே" என்று உள்ளே படுத்திருந்த அப்பனிடம் சொல்லிக்கொண்டே பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

வியாழக்கிழமை மாலை பாயின் மனைவி ஹாஜிரா வந்தாள். கையில் கால் கிலோ உளுந்துப் பை. நின்றபடியே பையைத் திருப்பிக் காட்டினாள்.

"கன்னி, இது யாருன்னு பாரு. கையி உன்னுது மாதிரியே கீது."

பையின் முதுகில் பெண்கள் வரிசையாக நிற்கும் படம். கழுத்தில் மாலை, எல்லாரும் சேலை. கடைசியில் நிற்பவளுக்குத் தோளும் கையும் தெரிந்தன. முகம் மடிப்புக்குள் போயிருந்தது. கைச் சுண்டுவிரலில் வெள்ளைத்துணி சுற்றியிருந்தது.

கன்னியம்மா உளுந்தை முறத்தில் கொட்டினாள். ஈரத் துணியைப் பிழிந்து மடிப்பின்மேல் போட்டுக் காத்திருந்தாள். புண்ணோடு ஒட்டிக் காய்ந்த துணியை எடுப்பதுபோல் நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினாள். அவள் காய்ச்சிய பசை நல்ல பசை. மடிப்பு வந்தது. முகம் அதோடு உரிந்து வந்தது. அந்த இடத்தில் காகிதம் வெள்ளையாகத் தெரிந்தது.

படத்துக்கு மேலே தலைப்பு தப்பியிருந்தது. 'பந்தும் தெரியும், பாயசமும் தெரியும்.' கீழே, வெளிநாடு சென்று வந்த பந்தாட்டக் குமரிகள் அடுப்படியையும் மறக்கவில்லை என்று நாலு வரி. யார் பெயரும் இல்லை. எந்த ஊரில் ஆடினார்கள், யாரோடு ஆடினார்கள், ஜெயித்தார்களா தோற்றார்களா, அதுவும் இல்லை. அணித்தலைவி சொன்னதாகச் சேமியா பாயசம் செய்யும் முறை விரிவாக இருந்தது.

"கேப்டனுக்கு டீ கூடப் போடத் தெரியாது" என்றாள் கன்னியம்மா.

அந்தப் படம் எடுத்த நாள் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஏர்போர்ட்டில், எல்லாரும் சேலை மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று போட்டோக்காரர் சொன்னார். அவள் பந்தோடுதான் நின்றாள். அதை மட்டும் கொஞ்சம் கீழே வைத்துவிடம்மா என்றார். வைத்தாள்.

ஹாஜிராவுக்கு மனசு கேட்கவில்லை. பெண்கள் பகுதி எல்லாக் கட்டிலும் வருகிறதே, இதே தாள் இன்னொன்று இருக்குமே, முகமாவது கிடைக்குமே என்றாள். கன்னியம்மா மூலையைப் பார்த்தாள். கால் கிலோப் பைக்கென்று அவள் உருவி வைக்கிற இடம் காலியாக இருந்தது. எத்தனை மாதமாக எத்தனை தாள் அங்கேயிருந்து மடிபட்டுப் போயிற்றோ, யார் யார் வீட்டில் மிளகாயும் வெந்தயமும் அதில் போயிற்றோ.

"கெடச்சா மட்டும்?" என்றாள். "கல்யாண ஊட்டுக்குப் போறவங்க மாதிரி கீறோம் அக்கா. இதுல யாரு கோலின்னு அந்த ஆபீசரு கண்டுபுடிப்பாரு?"

ஹாஜிரா உளுந்தை முந்தானையில் வாங்கிக்கொண்டு போனாள். கன்னியம்மா எழுந்து வெந்நீர் வைத்து, அப்பனைத் துடைத்து, பக்கம் மாற்றிப் படுக்கவைத்தாள். அவர் என்ன சத்தம் என்று கேட்டதற்கு, பாய் ஊட்டு அக்கா உளுந்துக்கு வந்தாங்க என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை யேசுதாஸ் சலவைச் சட்டை போட்டுச் சைக்கிளோடு வந்தார். கம்பெனியின் முதல் சங்கு ஊதி முடிந்திருந்தது.

"கெடச்சுதாம்மா?"

"இல்ல சார்."

அவர் ஒரு காலைத் தரையில் ஊன்றி, போவதா இருப்பதா என்று தெரியாமல் நின்றார். கன்னியம்மா புது மூட்டையின் கயிற்றை அறுத்தாள். மேலிருந்த கட்டை எடுத்து, ஒரு தாளையும் பிரிக்காமல் அப்படியே விசிறிபோல் பரப்பி, மூன்று விரல்களால் பசையை அள்ளி, ஓரத்தில் ஒரே இழுப்பாக இழுத்தாள்.