சாவிக்கு நீட்டிய கை

என் வீட்டுக்காரர் நாமகிரிப்பேட்டையிலிருந்து சேலத்துக்கு பஸ் ஓட்டினார். ஜெர்மன் சண்டையில் பெட்ரோல் கிடைக்காமல் போனதும் வண்டியின் பின்னால் ஒரு கரியடுப்பைக் கட்டிவிட்டார்கள். கரிப்புகையில்தான் வண்டி ஓடும். மேடு வந்தால் பாதிப் பேரை இறக்கிவிட்டுத்தான் ஏறும். அந்தப் புகையில் பாதி வண்டிக்குப் போனது, மீதி இவர் நெஞ்சுக்குள் போனது. துப்பினால் கறுப்பாக வந்தது. தலை முழுக்க நரைத்த மனிதருக்கு இந்தக் கருமாந்திரம் எதற்கென்று தினமும் சண்டை பிடிப்பேன்.

"போதுமுங்க. நம்மளுக்கென்ன புள்ளையா குட்டியா, யாருக்குச் சேத்து வெக்கோணும்? காட்டுல சோளம் வெளையுது, நாலு ஆடு நிக்குது. ரெண்டு உசுருக்கு அது பத்தாதா?"

பிள்ளை என்ற பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுவார். பிள்ளையில்லாத குறையை ஊரார் என்னிடம்தான் குத்திக் காட்டினார்கள். ஆனால் என்னைவிட அதிகமாக அது அரித்தது அவரைத்தான்.

ஒரு புரட்டாசியில் அவரே வாயைத் திறந்தார். "இந்த ஆயுத பூசையோட நிறுத்திக்கறேன்" என்றார். அன்றைக்கு நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

பஸ் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூசையன்று வண்டிச் சாவிகளைத் தட்டில் வைத்துக் கும்பிடுவார்கள். பிறகு முதலாளி ஒவ்வொரு சாவியாக எடுத்து, வெற்றிலை பாக்கோடு டிரைவர் கையில் கொடுப்பார். வாங்கிக்கொண்டால் அடுத்த பூசை வரை அந்த வண்டி அவருடையது. வேலையை விடுகிறவர் கை நீட்டாமல் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும். பேச்சே தேவையில்லை.

நானும் போய்ப் பெண்கள் பக்கம் நின்றிருந்தேன். இவர் சொன்னபடியே கையைக் குவித்துக் கும்பிட்டார். முதலாளிக்கு என் கடைசித் தம்பி வயதுதான் இருக்கும். அப்போதெல்லாம் முதலாளியை அவர் இவர் என்றுதான் சொன்னோம். இப்போது எனக்கு அந்த மரியாதை வரமாட்டேன் என்கிறது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டே அவன் கண் கலங்கினான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். கரி வண்டியில் உட்கார எந்த இளவட்டம் வருவான்?

"நீங்க எங்கப்பனாட்டங்க. அப்பன் மகனைப் பாதியில உட்டுட்டுப் போவானுங்களா? சண்டை முடியட்டும். நானே உங்களை உக்கார வெச்சுச் சோறு போடறேன்" என்றான், அத்தனை பேர் முன்னாலும்.

இவர் கை நீண்டுவிட்டது.

வீடு திரும்பினோம். வாசலுக்கு வந்ததும், "அப்பன்னு சொல்லிப்போட்டானே, என்ன பண்றது?" என்றார். அந்த முகத்திலிருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கு ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது.

சண்டை முடிகிற வரை ஓட்டினார். படுத்தால் இருமல் விடாது என்று உட்கார்ந்தபடியே தூங்கப் பழகிக்கொண்டார். ஒருவழியாகச் சண்டை ஓய்ந்தது. பெட்ரோல் வந்தது, அதன் பின்னாலேயே ஒரு புது பஸ்ஸும் வந்தது. "கரி வண்டிய ஓட்டுனவனுக்குத்தான புது வண்டியக் குடுப்பான்? ஒரு வருசம் பொகையில்லாம ஓட்டிப்போட்டு நின்னுக்கறேன்" என்றார். பட்ட பாட்டுக்கு அந்த ஆசை நியாயமென்றே எனக்கும் பட்டது.

அந்த வருடப் பூசைக்கு விடியற்காலையிலேயே குளித்துவிட்டு முன்னால் போய் நின்றார். முதலாளி புதுச் சாவியை எடுத்தான். கூப்பிடும் முன்பே இவர் கையை நீட்டினார். சாவி அந்தக் கையைத் தாண்டிப் பின்னால் நின்ற ஓர் இளவட்டத்திடம் போனது. இவர் கழுத்தில் ஒரு செண்டுமல்லி மாலை விழுந்தது. "பெரியவரு இனி ஓய்வெடுக்கட்டும்" என்றான். எல்லாரும் கை தட்டினார்கள். நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் இவர் மாலையைப் பிடித்துக்கொண்டார்.

"வெட்டற ஆட்டுக்குத்தானுங்க மாலை" என்றேன் வீட்டுக்கு வந்து. அவர் மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார். உட்கார வைத்துச் சோறு போடுகிறேன் என்றவன் வீட்டிலிருந்து ஒரு பிடி அரிசி வரவில்லை. இருமல் மட்டும் கூடவே இருந்தது.

மாசியில் இறந்துபோனார். முதலாளி காரில் வந்தான், பெரிய ரோஜா மாலையோடு. காலடியில் வைத்துவிட்டு, "எங்கப்பனாட்டம் இருந்தாருங்க" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான். கொள்ளி வைக்க யாரைக் கூப்பிடுவது என்று பங்காளிகள் அப்போதுதான் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்தேன்.

"நல்லதாப் போச்சுங்க மொதலாளி. மகன் இல்லையேன்னு பாத்துட்டு இருந்தோம். மீசைய எடுத்துப்போட்டு வந்து கொள்ளிச்சட்டியத் தூக்குங்க."

அவன் கை மீசைக்குப் போனது. பிறகு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்க் காரில் ஏறினான்.

கொள்ளி வைத்தது தூரத்துப் பங்காளி மகன் ஒருவன். அவனுக்கு இவர் முகம்கூடச் சரியாகத் தெரியாது.